நீரடி ஸ்கூட்டரின் ஃபர்ம்வேரை மாற்றினால் வாரன்டி என்ன ஆகும்?

நீருக்கடியில் வேகம் மலிவாகக் கிடைப்பதில்லை. நீரின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. அதை மீறிச் செல்லத் தேவையான திறன் வேகத்தின் கனத்துக்கு ஏற்ப ஏறுகிறது. ஆகவே 10 சதவீதம் கூடுதல் வேகத்துக்கு 33 சதவீதம் கூடுதல் திறன் வேண்டும். 20 சதவீதம் கூட்டினால் 73 சதவீதம். அதே பேட்டரியில் போகக்கூடிய தொலைவு அப்போது ஏறக்குறைய 30 சதவீதம் சுருங்கிவிடும். முக்குளிப்பு ஸ்கூட்டரைத் தன் விருப்பப்படி மாற்றியமைக்க நினைக்கும் எவரும் இந்தக் கணக்கைத் தாண்ட முடியாது. வாரன்டி பற்றிய வாக்குவாதமும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது.

முக்குளிப்பு ஸ்கூட்டர் எளிய கருவி. நீர் புகாத குழாய் உடல், உள்ளே பேட்டரி, மோட்டார், பின்னால் புரொப்பல்லர். முக்குளிப்பவர் இழுவைக் கயிற்றைத் தன் இடுப்புப் பட்டையில் கொக்கியிட்டு, கைப்பிடியிலுள்ள விசையை அழுத்தினால் அது அவரை இழுத்துக்கொண்டு போகும். துடுப்புக் காலணியால் உதைத்து நீந்துவதைவிடக் குறைந்த உழைப்பு, குறைந்த மூச்சுக்காற்று, நீண்ட தூரம். 2007 டிசம்பரில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஜாரட் ஜப்லான்ஸ்கியும் கேசி மெக்கின்லியும் டர்னர் சிங்க் என்ற நீர்க்குழியில் இறங்கி, வக்குல்லா ஊற்றில் வெளியே வந்தார்கள். ஏறத்தாழ 11 கிலோமீட்டர் நீரடிக் குகை, ஆழம் 90 மீட்டரை ஒட்டி. ஸ்கூட்டர் இல்லாமல் அப்படி ஒரு பயணத்தை நினைத்தே பார்க்க முடியாது.

பழைய தலைமுறை ஸ்கூட்டர்களில் திருத்துவதற்கு மென்பொருளே கிடையாது. டெக்னா, கேவின் போன்றவற்றில் மோட்டார் ஒரே சீராகச் சுழலும். விசையை அழுத்தினால் ரிலே மூடும், விட்டால் திறக்கும். வேகத்தை மாற்ற வேண்டுமென்றால் புரொப்பல்லர் இதழ்களின் சாய்வைக் கையால் மாற்றுவார்கள். குறுக்கு வேலை ஏதாவது செய்திருந்தால் கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கலாம். பிரஷ் இல்லாத மோட்டார்கள் வந்தபோது இது தலைகீழானது. அத்தகைய மோட்டார் தானாகச் சுழலாது. ஒரு கன்ட்ரோலர் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை மின்னோட்டத்தைக் கட்டம் கட்டமாகத் திறந்து மூடினால்தான் அது சுழலும். அந்தத் தாளத்தை எழுதிவைத்திருப்பது ஃபர்ம்வேர். இதழின் சாய்வு செய்துவந்த வேலை இப்போது நினைவகத்தில் ஓர் எண்ணாக உட்கார்ந்திருக்கிறது.

அந்த எண்ணைப் பொதுமக்கள் கைக்கு எட்டச் செய்தவர்களில் முக்கியமானவர் ஸ்வீடனைச் சேர்ந்த பெஞ்சமின் வெடர். மின்சார ஸ்கேட்போர்டுக்காக அவர் உருவாக்கிய வெஸ்க் என்னும் மோட்டார் கன்ட்ரோலரின் வடிவமைப்பையும் மென்பொருளையும் திறந்த மூலமாக வெளியிட்டார். உலகெங்கும் சிறு உற்பத்தியாளர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்காவின் டைவ் எக்ஸ்ட்ராஸ் நிறுவனத்தின் பிளாக்டிப் ஸ்கூட்டர் இந்த மரபில் வந்தது: தச்சர்களும் எலக்ட்ரீஷியன்களும் துளைபோடும் கருவிகளில் மாட்டும் பேட்டரிகளே அதற்கும் பேட்டரி, மோட்டாரை ஓட்டுவது வெஸ்க் வகைக் கன்ட்ரோலர். கணினியை இணைத்தால் மின்னோட்ட உச்சவரம்பு, பேட்டரி துண்டிக்கும் மின்னழுத்தம், வெப்ப வரம்பு, சுழற்சி வேகம் என எல்லாம் திரையில் வரிசையாகத் தெரியும். லிஸ்ப் மொழியில் சிறு நிரல் எழுதி உள்ளே ஏற்றவும் முடியும். அப்படி எழுதி இலவசமாகப் பகிரும் முக்குளிப்பாளர்கள் இருக்கிறார்கள். இவர்களை வம்புக்காரர்கள் என்று ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. தங்கள் உயிரைக் கட்டி இழுக்கும் கருவியைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் அவர்கள்.

ஆனால் ஃபர்ம்வேர் மாற்றம் என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் தன்மையால் முற்றிலும் வேறுபட்ட செயல்கள் கலந்துகிடக்கின்றன. விசையை இரண்டு முறை தட்டினால் எந்த வேகப்படி, எத்தனை படிகள், புறப்படும்போது எவ்வளவு மெதுவாக வேகம் எடுக்க வேண்டும் என்பவை ஒரு வகை. இவை கருவியின் பழக்கத்தை மாற்றுகின்றன. மோட்டாருக்கோ பேட்டரிக்கோ கூடுதல் சுமை இல்லை. மெதுவாகப் புறப்படச் செய்வது மோட்டாருக்கும் அச்சுக்கும் நல்லதுகூட. உச்சவரம்புகளில் கைவைப்பது இன்னொரு வகை. அங்கேதான் கணக்கு கொடுமையாகிறது.

புரொப்பல்லர் கேட்கும் முறுக்குவிசை சுழற்சி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. மோட்டாரில் முறுக்குவிசை என்றால் மின்னோட்டம். செப்புச் சுருளில் பிறக்கும் வெப்பமோ மின்னோட்டத்தின் வர்க்கம். ஆக வெப்பம் சுழற்சி வேகத்தின் நான்காம் மடியில் ஏறுகிறது: சுழற்சியை 10 சதவீதம் கூட்டினால் சுருளின் வெப்பம் 46 சதவீதம் கூடும், 20 சதவீதம் கூட்டினால் இரண்டு மடங்கைத் தாண்டும். சுற்றிலும் தண்ணீர்தானே, குளிர்ந்துவிடும் என்பார்கள். தண்ணீர் உடலின் வெளிப்புறத்தைத்தான் குளிர்விக்கிறது. கன்ட்ரோலரின் டிரான்சிஸ்டர்கள் அடைபட்ட காற்றுக்குள் இருக்கின்றன. அவற்றின் வெப்பம் வெளியேற வடிவமைப்பாளர் ஒரு பாதை போட்டிருப்பார், குறிப்பிட்ட அளவுக்கு மட்டும். குளிர்ந்த ஏரியில் சோதித்துத் தாங்கிய அமைப்பு 29 டிகிரி வெப்பக் கடலில் தாங்கும் என்பதற்கு உறுதி இல்லை.

பேட்டரி துண்டிப்பு இன்னும் நுட்பமானது. மின்கருவி பேட்டரிகளில் 18 வோல்ட் வகைக்குள் ஐந்து வரிசை லித்தியம் செல்கள் இருக்கும். இரண்டைத் தொடராக இணைத்தால் பத்து வரிசை. முழுதாக ஏறியபோது 42 வோல்ட். செல்லுக்கு 3 வோல்ட் என்ற எல்லையில் துண்டிக்க நினைத்தால் மொத்தம் 30 வோல்ட். சில மின்கருவி பேட்டரிகள் தம்மைத் தாமே துண்டித்துக்கொள்வதில்லை. துளைபோடும் கருவிதான் அந்த வேலையைச் செய்யும். ஸ்கூட்டரில் அந்தக் கருவியின் இடத்தில் இருப்பது கன்ட்ரோலர். எனவே துண்டிப்பு எண்ணைக் கீழே இறக்குகிறவர் அத்தகைய பேட்டரியின் ஒரே காவலை அகற்றுகிறார்.

கிடைப்பது என்ன? சொற்பம். லித்தியம் செல் 3 வோல்ட்டுக்குக் கீழே சரிவில் உருளத் தொடங்கிவிடும். அங்கே மிச்சமிருக்கும் ஆற்றல் மிகக் குறைவு. இழப்போ பெரிது. மொத்தம் 30 வோல்ட் என்று திரை காட்டும்போதே புதிய பேட்டரி 16.5 வோல்ட்டிலும் பழையது 13.5 வோல்ட்டிலும் இருக்கலாம். பழையதன் செல்கள் அப்போதே 2.7 வோல்ட்டில். இன்னும் கீழே இழுத்தால் செல்லுக்குள் இருக்கும் செப்புத் தகடு கரைய ஆரம்பிக்கும். கரைந்த செப்பு அடுத்த முறை சார்ஜ் ஏற்றும்போது வேறிடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே குறுக்குச்சுற்றை உண்டாக்கக்கூடும். கடலடியில் செய்த தவறு படகில், இரவில், சார்ஜரில் தெரியவரும். 2019 செப்டம்பர் 2 அன்று கலிஃபோர்னியாவின் சாந்தா குரூஸ் தீவருகே கன்செப்ஷன் என்ற முக்குளிப்புப் படகு எரிந்து 34 பேர் இறந்தார்கள். தீ எதிலிருந்து மூண்டது என்பதை விசாரணையால் உறுதிசெய்ய முடியவில்லை. ஆனாலும் அதையொட்டி அமெரிக்கக் கடலோரக் காவல்படை, ஆள் பார்க்காத நேரத்தில் லித்தியம் பேட்டரிகளை சார்ஜ் செய்வதைக் கட்டுப்படுத்தும்படி பயணிகள் படகுகளுக்குப் பரிந்துரைத்தது. பேட்டரி எல்லையை மாற்றுவது தனிமனித விருப்பத்தோடு முடிகிற விஷயமல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

துண்டிப்பு எல்லையில் இன்னொரு பயனும் இருக்கிறது. வெஸ்க் வகைக் கன்ட்ரோலரில் துண்டிப்பு தொடங்கும் எண், முடியும் எண் என்று இரண்டு உண்டு. இரண்டுக்கும் நடுவே திறன் படிப்படியாகக் குறையும். ஸ்கூட்டர் களைத்துப்போவதை முக்குளிப்பவர் கையிலேயே உணர்ந்து திரும்பலாம். அந்த இடைவெளியை ஒடுக்கினால் ஸ்கூட்டர் முழு வேகத்தில் ஓடி, சட்டென்று நிற்கும். குகைக்குள் அது நிற்கும் இடத்திலிருந்து வாசல்வரை நீந்தியே வரக் காற்று போதுமா என்பதுதான் அப்போதைய கேள்வி.

மூன்றாவதாகப் பலரும் விரும்புவது, விரலை எடுத்த பிறகும் ஸ்கூட்டர் ஓடிக்கொண்டே இருக்கும் ஏற்பாடு. நீண்ட பயணத்தில் விரல் வலிக்கும் என்பது உண்மை. ஆனால் விரலை விட்டால் நிற்பது இந்தக் கருவியின் முதன்மையான பாதுகாப்பு. பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் மேலேறும் வேகம் நிமிடத்துக்கு 9 மீட்டர். ஒரு நல்ல ஸ்கூட்டரோ நிமிடத்துக்கு 50 மீட்டருக்கு மேல் இழுக்கும். 10 மீட்டர் ஆழத்திலிருந்து நீர்மட்டத்துக்கு வரும்போது நுரையீரலில் அடைத்த காற்று இரண்டு மடங்காக விரியும். மயங்கிய ஒருவரை நிற்காத ஸ்கூட்டர் மேல்நோக்கி இழுத்தால் அந்தப் பயணம் கால் நிமிடம்கூட ஆகாது.

இனி சட்டம். அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் மேக்னுசன்–மாஸ் வாரன்டி சட்டம் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. எதை மாற்றினாலும் வாரன்டி போகாது என்று அதற்குப் பொருள் சொல்கிறவர்களும் உண்டு. அது மிகை. அந்தச் சட்டம் நேரடியாகத் தடுப்பது ஒன்றை: எங்கள் பெயர் பொறித்த உதிரிப்பாகத்தையோ சேவையையோ பயன்படுத்தினால்தான் வாரன்டி என்று, அவற்றை இலவசமாகத் தராமலே, நிபந்தனை போடுவதை. 2018இல் ஃபெடரல் டிரேட் கமிஷன் சோனி, மைக்ரோசாஃப்ட், நின்டெண்டோ உள்ளிட்ட ஆறு நிறுவனங்களை எச்சரித்ததும், 2022இல் ஹார்லி டேவிட்சன், வெபர் முதலிய நிறுவனங்கள்மீது ஆணை பிறப்பித்ததும் இந்த அடிப்படையில்தான். உரிமையாளர் தானே மென்பொருளைத் திருத்துவது அந்தத் தடையின் நடுமையத்தில் வருவதில்லை. ஆனாலும் அந்தச் சட்டத்தைச் சுற்றி வளர்ந்துள்ள நியாயம் இங்கும் பொருந்துகிறது: வேற்றுப் பாகத்தால்தான் பழுது வந்தது என்று மறுப்பவர் காட்ட வேண்டும், அது பொருத்தப்பட்டிருந்தது என்பது மட்டும் போதாது.

கன்ட்ரோலர் பூட்டப்பட்டிருந்தால் வேறு சிக்கல். 1998இன் டிஜிட்டல் மில்லேனியம் பதிப்புரிமைச் சட்டம் மென்பொருள் பூட்டை உடைப்பதைத் தடுக்கிறது; மூன்று ஆண்டுக்கு ஒருமுறை விலக்குகள் அறிவிக்கப்படும். 2021இல் வந்த விலக்குகளில் ஒரு விசித்திரமான வேறுபாடு இருக்கிறது. தரை வாகனங்களுக்கும் படகு, கப்பல்களுக்கும் பழுதுபார்ப்பதோடு சட்டத்துக்கு உட்பட்ட மாற்றங்களும் செய்யலாம். நுகர்வோர் கருவிகளுக்கோ பராமரிப்பு, பழுதுபார்ப்பு மட்டுமே, மாற்றம் கூடாது. முக்குளிப்பு ஸ்கூட்டர் இதில் எது? அமெரிக்கச் சட்டத்தின் பொது வரையறைப்படி கலம் என்பது நீர்மேல் போக்குவரத்துக்குப் பயன்படுவது. நீரடியில் ஒருவரை இழுக்கும் குழாய் அதற்குள் அடங்குமா என்பது விவாதத்துக்குரியது. வெஸ்க் போலப் பூட்டே இல்லாத கன்ட்ரோலருக்கு இந்தத் தலைவலி கிடையாது.

ஆனால் அங்கே வேறோர் ஆவணம் பேசுகிறது. வாரன்டி விவாதங்களில் அதை யாரும் எடுத்துப் படிப்பதாகத் தெரியவில்லை. வெஸ்க் மென்பொருள் வெளியானது குனு பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பில். 2007இல் வந்த அந்த உரிமத்தின் ஆறாம் பிரிவு, நுகர்வோர் கருவிக்குள் இந்த மென்பொருளை வைத்து விற்பவர் அதைத் திருத்தி மீண்டும் ஏற்றுவதற்கான தகவலையும் தர வேண்டும் என்கிறது. அதே பிரிவு, பயனர் திருத்தி ஏற்றிய மென்பொருளுக்கோ அது ஏற்றப்பட்ட கருவிக்கோ வாரன்டியோ சேவையோ புதுப்பிப்போ தொடர்ந்து தரும் கடமை விற்பவருக்கு இல்லை என்றும் தெளிவாக்குகிறது. திருத்தும் உரிமையைத் தந்த கையே திருத்தத்தின் பொறுப்பையும் திருத்தியவரிடம் ஒப்படைக்கிறது. இது நேர்மையான பங்கீடு என்பது என் கருத்து. கவனிக்க வேண்டியது, அப்படி ஒரு கடமையைத் தான் சுமத்தவில்லை என்று மட்டுமே இந்த உரிமம் சொல்கிறது. உடலின் பற்றவைப்பையும் நீர் புகாமல் அடைக்கும் ஓ-ரிங்கையும் கைப்பிடியையும் பற்றிய வாரன்டியை அது பறிக்கவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் நுகர்வோரின் நிலை வலுவானது. 2019/771 என்ற எண்ணுள்ள நெறியாணையின்படி விற்பனையாளர் இரண்டு ஆண்டுக்குப் பொறுப்பு. முதல் ஆண்டில் தெரியவரும் குறை பொருளை ஒப்படைத்தபோதே இருந்ததாகக் கொள்ளப்படும், அப்படியில்லை என்று விற்பனையாளர்தான் நிறுவ வேண்டும். உற்பத்தியாளர் தானாக முன்வந்து தரும் வாரன்டி இதிலிருந்து தனியானது. அதற்கு அவர் நிபந்தனை போடலாம், சட்டம் தந்த பொறுப்பை அதைக் காட்டி மறுக்க முடியாது. இதற்கு முந்தைய 1999ஆம் ஆண்டு நெறியாணையின் கீழ், கைபேசியின் இயங்குதளத்தை மாற்றுவது மட்டுமே நுகர்வோரின் சட்ட உரிமையை அழிக்காது என்று கார்லோ பியானா, மத்தியா ஷுக்ளே என்ற இரு சட்ட அறிஞர்கள் ஐரோப்பியச் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளைக்காக 2012இல் வாதிட்டார்கள். அந்த வாதம் ஸ்கூட்டருக்கும் பொருந்தும். ஆனால் புதிய நெறியாணையில் ஒரு கொக்கி இருக்கிறது: விற்பனையாளர் அறிவித்த புதுப்பிப்பை நுகர்வோர் உரிய காலத்தில் ஏற்றாமல் விட்டால், அதனால் மட்டுமே வரும் குறைக்கு விற்பனையாளர் பொறுப்பல்ல. சொந்த ஃபர்ம்வேர் வைத்திருப்பவர் அதிகாரபூர்வப் புதுப்பிப்பை ஏற்ற மாட்டார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இந்தியாவில் வாங்குபவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்றைச் சொல்கிறது. அதன் 87ஆம் பிரிவின்படி, தீங்கு நேர்ந்த நேரத்தில் பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டோ மாற்றியமைக்கப்பட்டோ இருந்தால், விற்பனையாளர்மீது பொருள் பொறுப்பு வழக்கு தொடர முடியாது. மாற்றத்தால்தான் தீங்கு வந்ததா என்ற கேள்வி அந்த வரியில் எழுதப்படவே இல்லை. பொத்தான் தட்டும் எண்ணிக்கையை மாற்றியவருக்கும் இந்த வாசல் மூடப்படும் அபாயம் உண்டு. இது திருத்தப்பட வேண்டிய கடுமை என்று நினைக்கிறேன்.

நடைமுறையில் எல்லாம் ஒரு கேள்வியில் முடிகிறது: பழுதுக்கும் மாற்றத்துக்கும் தொடர்பு உண்டா? ஓ-ரிங்கில் ஒரு தலைமுடியோ மணல் துகளோ சிக்கி நீர் புகுந்தால் ஃபர்ம்வேருக்கு அதில் பங்கில்லை. அந்த உரிமையாளரிடம், மென்பொருளை மாற்றிவிட்டீர்கள், எனவே எதற்கும் வாரன்டி இல்லை என்று சொல்வது அநியாயம். ஓ-ரிங்கைச் சுத்தமாக வைக்கவில்லை என்று மறுத்தால் அது வேறு நியாயம். மின்னோட்ட வரம்பை உயர்த்தியபின் டிரான்சிஸ்டர் கருகினால் உரிமையாளர் வாய் திறக்க இடமில்லை. கடினமான வழக்குகள் நடுவில் இருக்கின்றன. சுழற்சி வேகம் கூடினால் மோட்டார் அச்சைச் சுற்றியுள்ள சீல் விரைவில் தேயும். ஓராண்டு கழித்து அதன் வழியே நீர் கசியும். சீலின் தரக்குறைவா, கூட்டிய வேகமா? இதற்கு விடை சொல்லப் பதிவு வேண்டும். பல கன்ட்ரோலர்கள் பிழைக் குறிப்பை மின்சாரம் இருக்கும்வரைதான் நினைவில் வைக்கின்றன. பேட்டரியைக் கழற்றியதும் அது போய்விடுகிறது. கருவி வாய்பேசாததால் இரு தரப்பும் சந்தேகத்தில் பேசுகிறார்கள்.

உற்பத்தியாளர்கள் இதைத் தீர்க்க முடியும். எந்த எண்களை எந்த எல்லைக்குள் மாற்றினால் வாரன்டி முழுதாக நிற்கும், எதைத் தொட்டால் கன்ட்ரோலர், மோட்டார், பேட்டரி ஆகியவற்றுக்கு மட்டும் அது நீங்கும் என்று கையேட்டில் எழுதலாம். உச்ச மின்னோட்டம், உச்ச வெப்பம், மிகக் குறைந்த மின்னழுத்தம் ஆகியவற்றை அழியாத நினைவகத்தில் பதிக்கலாம். அந்தப் பதிவை உரிமையாளரும் படிக்க விடலாம். இதற்குப் பெரிய செலவில்லை. ஐரோப்பாவின் புதிய பொருள் பொறுப்பு நெறியாணை, 2024/2853, மென்பொருளையே பொருளாகக் கருதுகிறது. உற்பத்தியாளரின் கட்டுப்பாட்டுக்கு வெளியே ஒரு பொருளைக் கணிசமாக மாற்றிச் சந்தையில் விடுபவரை உற்பத்தியாளராகவே நடத்துகிறது. 2026 டிசம்பர் 9க்குப் பின் சந்தைக்கு வரும் பொருட்களுக்கு அது பொருந்தும். ஃபர்ம்வேர் மாற்றித் தரும் கடைகளும், மாற்றிய ஸ்கூட்டரைத் தொழிலாக விற்பவர்களும் இதை இப்போதே படித்துவைப்பது நல்லது.

உரிமையாளர்களிடம் கேட்பது கொஞ்சம்தான். எதையும் தொடுமுன் ஆலை அமைப்பு முழுவதையும், ஃபர்ம்வேர் பதிப்பெண்ணோடு, கோப்பாகச் சேமியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, தேதியிட்டுக் குறித்துவையுங்கள். பேட்டரி துண்டிப்பையும் விரலை விட்டால் நிற்கும் ஏற்பாட்டையும் விட்டுவிடுங்கள். மாற்றிய ஸ்கூட்டரை முதலில் ஆழமற்ற நீரில், கூட ஒருவர் இருக்கும்போது சோதியுங்கள். இரவல் கொடுத்தால் மாற்றத்தைச் சொல்லிக் கொடுங்கள். பழுதாகி அனுப்பும்போது பழைய அமைப்பைத் திரும்ப ஏற்றி மறைக்காதீர்கள். அது ஏமாற்று; அதோடு, உங்கள் மாற்றம் பழுதுக்குக் காரணமில்லை என்று நிறுவக்கூடிய ஒரே ஆதாரத்தையும் அழித்துவிடுகிறீர்கள். வாங்கும் முன்பே விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்: எந்த அமைப்புகளை நான் மாற்றலாம், மாற்றினால் எந்தப் பாகத்தின் வாரன்டி போகும்? எழுத்தில் பதில் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.